மேலடுக்கு யாருக்கு? ஏலமலை நிழலும் சூரியப் பலகைகளும்

மூணாற்றுக்கு அருகே, பள்ளிவாசலை ஒட்டி அமைந்த சித்திரபுரம் மின்சாரத்தால் பிறந்த ஊர். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் பெயரே ஊர்ப்பெயரில் நிற்கிறது. முதிரப்புழையாற்று நீரைப் பெருங்குழாய்களில் மலையிறக்கிச் சுழலிகளை இயக்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரள நிலப்பரப்பில் அரசு நிறுவிய முதல் நீர்மின் திட்டம் அது. அத்திட்டத்தைச் சுற்றியுள்ள பெயர்களை வரிசைப்படுத்தினால் அன்றைய அரண்மனையே கண்முன் எழுகிறது: ஊருக்கு மன்னரின் பெயர், குண்டளை அணைக்கு அரசமாதாவின் பெயரால் சேதுபார்வதிபுரம், மூணாற்றுத் தலைமதகு அணைக்குத் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் பெயர். மூணாறு, நல்லதண்ணி, தேவிகுளம் என்று நீரை வைத்து ஊரையும் ஆற்றையும் அழைத்த பழைய வழக்கின்மேல், மின்சாரம் அரசகுடும்பத்தின் பெயர்களை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

மொழியியல் பயின்ற எனக்கு ஊர்ப்பெயர்களில் தொடங்குவதுதான் வசதி. ஆனால் இப்பதிவு ஊர்ப்பெயர் ஆய்வன்று. பயிர் நிலத்தின்மேல் சூரியப் பலகைகளை உயர்த்தி நிறுத்தி, கீழே பயிரும் மேலே மின்சாரமும் எடுக்கும் முறை பற்றி இப்போது கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் மிகுதியாகப் பேசப்படுகிறது. வேளாண் ஒளிமின்னாக்கம் என்று தமிழில் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். பேசுவோர் பெரும்பாலும் இதனை முற்றிலும் புதியதொரு நிலப்பயன்பாடாகவே முன்வைக்கின்றனர். ஒரே நிலத்தைக் குறுக்குவாட்டில் வெட்டி, மேலடுக்கு ஒருவருக்கும் கீழடுக்கு மற்றொருவருக்கும் என வகுப்பது இம்மலைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம். அப்பழக்கத்தின் வரலாற்றைப் படிக்காமல் புதிய பலகைகளை நிறுத்தினால் பழைய வழக்குகளே புதிய பெயரில் திரும்பிவரும் என்பது என் கருத்து.

ஏலத்திலிருந்து தொடங்குவோம். சிற்றேலம் வெட்டவெளியில் வளரும் செடியன்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில், பெருமரங்களின் இலைகளூடே வடிந்து இறங்கும் ஒளியில், ஈரம் தங்கிய மண்ணில் தழைப்பது அது. எனவே ஏலத்தோட்டம் அமைத்தவர்கள் காட்டை முழுக்க அழிக்கவில்லை. அடிக்காட்டை வெட்டி, மேல்மரங்களில் கிளைகளைக் கழித்து, நிழலை வேண்டிய அளவுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். நிழல் குறைந்தால் செடி கருகும். கூடினால் காய் குறையும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கிளை கழிப்பது இன்றும் ஏலத் தோட்டங்களின் முதன்மையான வேலைகளுள் ஒன்று. ஒளியைப் பங்கிடும் நுட்பம் என்று இன்று பொறியாளர்கள் கணினியில் கணக்கிடுவதை, அரிவாளோடு மரமேறியவர்கள் கண்ணால் கணித்தார்கள்.

இந்த உழவியல் ஏற்பாடு ஓர் உரிமை ஏற்பாட்டையும் உடன் கொண்டுவந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகச் சரக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறிய தமிழ்க் குடியானவர்கள் பயிரிட்டார்கள், விளைச்சல் அரசுக்கு. ஏலமலைக்கென்று தனிக் கண்காணிப்பாளரே இருந்தார். 1877இல் பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற ஜான் டேனியல் மன்றோவும் அத்தகைய பொறுப்பில் இருந்தவர்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் விலகி, ஏக்கர்க் கணக்கில் வரி என்ற முறை வந்தது. ஆனால் மரம் பயிரிடுபவருக்கு உரியதாகவில்லை. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசமரங்கள் என்ற கொள்கை திருவிதாங்கூரில் வேரூன்றியிருந்தது. அவை எவர் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே. ஏலநிலத்திலோ நிழல்தரும் காடு முழுவதுமே அரசின் கண்காணிப்பில் நின்றது. இன்றளவும் ஏலமலை ஒதுக்குக்காட்டைப் பற்றிச் சொல்லப்படும் சுருக்கமான விளக்கம் இதுதான்: நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் வனத் துறைக்கு. மண்ணில் கால் ஊன்றிய குடியானவர் இரண்டு துறைகளுக்கும் இடையே நிழலில் நிற்கிறார்.

இந்த இரட்டை நிலை எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். ஒதுக்குக்காட்டை அறிவித்த 1897ஆம் ஆண்டு அறிவிக்கை குறிப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றும் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக உள்ளது. மாநில அரசு முதல் எண்ணைச் சொல்கிறது. சூழலியல் தரப்பு இரண்டாவதை. முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதில் 2,00,000 ஏக்கர் தொங்குகிறது. 2024 அக்டோபரில் நீதிமன்றம் அங்குப் புதிய பட்டாக்கள் வழங்குவதை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. சுவடியியலில் பாடபேதம் என்போம். ஒரு பாடபேதம் இத்தனை குடும்பங்களின் வாழ்வைத் தாங்கி நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சொற்களும் இதே கதையைச் சொல்கின்றன. தமிழ் நிலவுரிமை வழக்கில் விளைச்சலின் பங்கு மேல்வாரம், குடிவாரம் என இரண்டாகப் பிரிந்தது. அரசுக்கோ நிலக்கிழாருக்கோ செல்வது மேல்வாரம், உழுபவருக்குரியது குடிவாரம். இங்கு ‘மேல்’ என்பது உயரத்தைக் குறிக்கவில்லை, அதிகாரத்தைக் குறித்தது. மலையாள நாட்டில் குழிக்காணம் என்றொரு முறை இருந்தது: நிலம் ஜன்மியுடையது, குழி தோண்டி மரம் வைத்தவர், வெளியேற்றப்படும்போது தாம் வைத்த மரத்துக்கு மதிப்புப் பெறுவார். மண்ணும் மரமும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம் என்பதை இந்தச் சொல் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, தரையில் ஒருவர் உரிமையும் தலைக்குமேல் மற்றொருவர் உரிமையும் இருப்பதைச் சொல்ல நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. சூரியப் பலகைக் குத்தகை ஒப்பந்தங்களின் மொழியில் இச்சொற்களுள் ஒன்றேனும் இடம்பெறுமானால், கையொப்பமிடும் உழவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பது விளங்கும்.

தேயிலை மலைக்கு வந்தால் ஆற்றல் உற்பத்தி என்பதே வேறு வடிவில் நிலத்தில் நிற்கிறது. தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் நிழலுக்காக நடப்பட்டது. இலை வாட்டவும் உலர்த்தவும் விறகு வேண்டும் என்பதற்காக யூகலிப்டஸ் காடுகள் தனியே வளர்க்கப்பட்டன. கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்டெடுக்க இயற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1974இல் நில வாரியம் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்த 57,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தேயிலைப் பரப்பைப் போலவே எரிபொருள் மரங்களுக்கான பரப்பும் தனி இனமாக இடம்பெற்றது. இது கவனத்துக்குரியது. தோட்ட நிலத்தில் ஆற்றலை விளைவிப்பது தோட்டத் தொழிலின் பகுதியே என்று சட்டம் ஏற்கெனவே ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த ஆற்றல் மரமாக இருந்தது, அவ்வளவே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோட்ட நிறுவனம் தன் தேவைக்குச் சிறியதொரு நீர்மின் நிலையத்தை இம்மலையில் அமைத்துக்கொண்டது. அது தோட்டத்துக்குள் பிறந்து தோட்டத்துக்குள்ளேயே செலவான மின்சாரம். பள்ளிவாசல் வந்தபோது கணக்கு மாறியது. மலையில் பிறந்த மின்சாரம் கம்பிகளில் சமவெளிக்கு இறங்கியது. 1943இல் ஆலுவாயில் தொடங்கிய அலுமினிய உருக்காலை பள்ளிவாசல் மின்சாரத்தை நம்பியே அமைந்தது. அணுகிப் பார்த்தால் பள்ளிவாசலும் ஓர் அடுக்குநிலத் திட்டம்தான்: ஒரே சரிவில் குழாயும் உண்டு, கொழுந்தும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. கொழுந்தின் கூலி லயத்தில் இருந்தவர்களுக்கு வந்தது. குழாயின் வருவாய் அவர்கள் தலைக்குமேல் சென்றது. தொழில்நுட்ப அளவில் நில இணைப்பயன்பாடு வெற்றி, பங்கீட்டளவில் ஒரு தரப்புக்கு மட்டுமே வெற்றி என்று இதனைச் சொல்லலாம். சூரியப் பலகைத் திட்டங்களின் அறிக்கைகளில் முதல் வகை வெற்றிக்கான கணக்கு மட்டுமே பெரும்பாலும் இருக்கிறது.

அந்தக் கணக்கின் பிறப்பிடம் சுவையானது. 1981இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அடால்ஃப் கெட்ஸ்பெர்கர், ஆர்மின் சாஸ்ட்ரோவுடன் இணைந்து ஒரு கட்டுரை எழுதினார். சூரிய ஏற்பிகளுக்கு அடியில் உருளைக்கிழங்கு என்பது அதன் தலைப்பு. பலகைகளைத் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயர்த்தி, வரிசைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் அடியில் பயிருக்குப் போதிய ஒளி கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அதே 1981இல் ஃபிரைபுர்கில் ஃபிரான்ஹோபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவரும் கெட்ஸ்பெர்கரே. ஆயினும் பலகைகளின் விலை மிகுந்திருந்த அக்காலத்தில் கட்டுரை கட்டுரையாகவே நின்றுவிட்டது. 2004இல் ஜப்பானில் அகிரா நாகஷிமா இக்கருத்தை வேறு வழியாக வந்தடைந்தார். வேளாண் கருவிப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றபின் உயிரியல் பயின்ற அவருக்கு, ஒவ்வொரு பயிருக்கும் ஓர் ஒளித் தெவிட்டுநிலை உண்டு, அதற்குமேல் விழும் வெயில் இலைக்குப் பயன்படுவதில்லை என்ற செய்தி உறைத்தது. மிஞ்சும் வெயிலை மின்சாரமாக்கலாமே என்பதே அவர் கண்டது. பகிர்வு என்ற பொருள்படும் பெயரையே அம்முறைக்கு இட்டார்.

2011இல் பிரான்சின் மோன்பெலியேயைச் சேர்ந்த கிறிஸ்டியன் துப்ரா குழுவினர், இம்முறைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைச் சூட்டிய கட்டுரையை வெளியிட்டனர். துப்ரா சூரியப் பொறியாளர் அல்லர், வேளாண்காட்டியல் ஆய்வாளர். மரநிழலில் கோதுமை வளர்ப்பதை ஆராய்ந்துவந்தவர், மரத்தின் இடத்தில் பலகையை வைத்துப் பார்த்தார். நிலத்தின் மொத்த விளைதிறன் 35 முதல் 73 விழுக்காடு வரை உயரக்கூடும் என்று அவர்களின் மாதிரிக் கணக்கீடு காட்டியது.

அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் நில ஈடுவிகிதம். தனித்தனியே செய்தால் எவ்வளவு நிலம் வேண்டும், சேர்த்துச் செய்தால் எவ்வளவு போதும் என்பதன் விகிதம் அது. ஓர் ஏக்கரில் தனிப்பயிரின் 70 விழுக்காடு விளைச்சலும், தனிச் சூரியப் பண்ணையின் 60 விழுக்காடு மின்சாரமும் கிடைத்தால் விகிதம் 1.3, அதாவது ஓர் ஏக்கர் 1.3 ஏக்கரின் வேலையைச் செய்கிறது. இந்த அளவுகோலை 1980இல் புள்ளியியலாளர் மீடும் பயிரியலாளர் வில்லியும் முறைப்படுத்தி எழுதினர். வில்லி அப்போது பணியாற்றியது ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில், இக்ரிசாட் எனப்படும் பன்னாட்டு வறண்டநிலப் பயிராய்வு நிறுவனத்தில். சோளத்துக்கு நடுவே துவரை விதைக்கும் தக்காண உழவரின் ஊடுபயிர் முறையைப் புரிந்துகொள்ள உதவிய கருவி, 30 ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு வயலில் பலகைகளை அளக்கப் போயிற்று. வெளிநாட்டு நுட்பம் இங்கு வருகிறது என்று நாம் எழுதும்போது இந்தப் போக்குவரவும் நினைவிருக்க வேண்டும்.

அளவுகோலின் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். அது விளைச்சலைக் கூட்டுகிறது, விளைச்சலுக்குரியவரைக் கேட்பதில்லை. துவரையும் சோளமும் ஒரே உழவரின் களத்துக்கு வருவதால் இக்ரிசாட் வயலில் அக்கேள்வி எழவேயில்லை. மின்சாரமும் காயும் வெவ்வேறு களங்களுக்குச் செல்லும்போது 1.3 என்ற எண் 0.7 பெறுபவரை மறைத்துவிடும்.

களச் சோதனைகளுள் நன்கு அறியப்பட்டது ஜெர்மனியின் ஹெகல்பாக் பண்ணை. 2016இல் 194 கிலோவாட் திறனுள்ள பலகைகள் அங்கே டிராக்டர் புகும் உயரத்தில் நிறுத்தப்பட்டன. உருளைக்கிழங்கு, கோதுமை, கிழங்குச் செலரி, தீவனப்புல் ஆகியவை அடியில் பயிரிடப்பட்டன. 2017இல் நிலத்தின் பயன் 160 விழுக்காடாகக் கணிக்கப்பட்டது. ஆனால் பயிர் விளைச்சல் குறைந்திருந்தது. 2018இல் கடும் வறட்சி. அவ்வாண்டு உருளை, கோதுமை, செலரி மூன்றும் வெட்டவெளியைவிடப் பலகைக்கு அடியில் கூடுதலாக விளைந்தன; உருளை நிலத்தின் பயன் 186 விழுக்காட்டைத் தொட்டது. நல்ல ஆண்டில் நிழல் செலவு, கெட்ட ஆண்டில் நிழல் காப்பு. ஏலக்காரர்கள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்.

கேரளத்தில் இம்முறைக்குக் காட்டப்படும் முதன்மையான எடுத்துக்காட்டு வயலில் இல்லை, நெடும்பாசேரி விமான நிலையத்தில் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்ட கொச்சிப் பன்னாட்டு விமான நிலையம், 2013இல் கூரைமேல் 100 கிலோவாட் அளவில் தொடங்கி, 2015 ஆகஸ்ட் 18இல் 12 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை இயக்கியது. 45 ஏக்கரில் 46,150 பலகைகள். முழுவதும் சூரிய ஆற்றலில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று அறியப்பட்டு, 2018இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் விருதும் பெற்றது. காய்கறி அங்கு வந்த வழி எளியது: பலகைகளைக் கழுவ நீர் வேண்டும், கழுவிய நீர் மண்ணில் விழுகிறது, கேரள மழையில் களை பலகைக்குமேல் எழுகிறது. களையெடுக்கச் செலவழிப்பதற்கு மாறாக வரிசைகளுக்கிடையே பயறு, வெண்டை, பூசணி வகைகளைப் பயிரிட்டால் நீரும் வீணாகாது, களையும் அடங்கும். ஆக இங்கே பயிர் பலகையின் துணைவிளைவு. உயரமான தாங்குகால்கள் இல்லை, பயிருக்காகச் சாய்வு மாற்றப்படவில்லை. இம்முயற்சியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஒரே நிறுவனம் நிலத்துக்கும் பலகைக்கும் காய்க்கும் உரிமையாளராக இருப்பதால் பங்கீட்டுச் சிக்கல் அங்கே எழாது என்பதையே குறிக்கிறேன். இடுக்கியின் சிறு உழவருக்கு அது முன்மாதிரியாகாது.

சிறு உழவரின் நிலையை எண்களில் பார்ப்போம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சராசரி நிலவுடைமை 0.18 ஹெக்டேர்; ஏறத்தாழ 44 சென்ட். 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதற்கூறு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை உழவர் நிலத்தில் அமைக்க வழி செய்கிறது. பயிர் நிலமாயின் பலகைகளைத் தாங்குகால்களில் உயர்த்தி நிறுத்தலாம் என்றும் அத்திட்டம் கூறுகிறது. வெறுந்தரையில் ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் தேவை என்பது பொதுக் கணக்கு. எனில் கீழெல்லையான 500 கிலோவாட்டுக்கே சராசரி உடைமைகள் ஐந்தாறு சேரவேண்டும். பயிருக்கு ஒளிவிட இடைவெளி கூட்டினால் இன்னும் அதிகம். உழவர் குழுக்களும் கூட்டுறவுகளும் விண்ணப்பிக்கலாம் என்று திட்டம் சொல்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் 2016இல் ஒருசில உழவர்களே சேர்ந்து சூரிய மின் கூட்டுறவைத் தொடங்கி, பம்புக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கூட்டுறவில் அத்தனை மரபுடைய கேரளம் இதில் ஏன் பின்தங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு மின்கட்டணத்தில் ஒரு பாதி விடை இருக்கலாம். நிலச்சட்டத்தில் மறுபாதி நிச்சயம் இருக்கிறது.

1963ஆம் ஆண்டுக் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் முதலிய தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களிக்கிறது. தோட்டம் வேறு பயனுக்கு மாறினால் விலக்கும் போகும். பின்னர் வந்த ஒரு திருத்தம், 5 விழுக்காட்டுக்கு மிகாத பரப்பைப் பூஞ்சாகுபடி, வனிலா, மூலிகை, பால்பண்ணை, சுற்றுலா விடுதி போன்றவற்றுக்குப் பயன்படுத்த இடமளித்தது. விடுதி கட்டலாம், தேயிலைக்குமேல் பலகை நிறுத்தலாமா என்பதற்கு அப்பட்டியலில் விடையில்லை. பயிரிடுதற்குத் துணையான பயன்பாடும் தோட்டமே என்னும் வரையறையைப் பிடித்துக்கொண்டால், தோட்டத் தொழிற்சாலைக்கு மின்சாரம் தரும் பலகை பழைய யூகலிப்டஸின் வாரிசாகலாம். மின்வாரியத்துக்கு விற்கும் பலகைக்கு அந்த வாதம் பொருந்துமா என்பது ஐயமே. இது என் வாசிப்பு. சட்டம் பயின்றோர் திருத்தலாம்.

பட்டாதாரர் நிலை இன்னும் இறுக்கமானது. 1964ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி வழங்கப்பட்ட பட்டாக்கள் சொந்தச் சாகுபடிக்கும் குடியிருப்புக்குமே உரியவை. இடுக்கியில் கடைகளும் கட்டடங்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியது இதனால்தான். 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் பிற பயன்பாடுகளை முறைப்படுத்த அரசுக்கு அதிகாரம் தந்தது. பாலக்காட்டுக்குச் சென்றால் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நெல்வயலை மாற்றுவதை அது தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். ஆனால் அடியில் நெல் தொடர்ந்து விளைந்தால் அது மாற்றமா? ஜப்பான் இக்கேள்விக்கு 2013இல் ஒரு விடை கண்டது. வயல் வயலாகவே இருக்கும். தாங்குகால் ஊன்றிய சிறு இடத்துக்கு மட்டும் தற்காலிக மாற்ற இசைவு. வட்டாரச் சராசரியைவிட விளைச்சல் 20 விழுக்காட்டுக்குமேல் குறைந்தால் இசைவு நீடிக்காது. பிரான்ஸ் 2023இல் இம்முறையைச் சட்டத்திலேயே வரையறுத்து, அடுத்த ஆண்டு ஆணையில் விளைச்சல் இழப்பை 10 விழுக்காட்டுக்குள் கட்டியது. இரு நாடுகளும் பலகையை அனுமதிக்கும் உரிமையைப் பயிரிடம் கொடுத்திருக்கின்றன. மரம் அரசுக்கு, மண் குடிக்கு என்ற நம் பழைய ஏலமலை ஏற்பாட்டில் இத்தகைய விளைச்சல் நிபந்தனை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நிழல் பற்றிய நூறாண்டுப் பூசல் வேறு வழியில் சென்றிருக்கும்.

மீண்டும் ஏலத்துக்கு. அண்மைப் பத்தாண்டுகளில் ஞள்ளானி போன்ற உயர்விளைச்சல் வகைகள் பரவியபோது, அவை கூடுதல் ஒளியைத் தாங்கும் என்பதால் மேல்மரங்கள் குறைந்தன. பிறகு வெயில் வந்தது. 2024 கோடையின் வறட்சியில் இடுக்கியின் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. தப்பவைக்க விரும்பியோர் பச்சை நிழல்வலைகளை விலைக்கு வாங்கித் தோட்டத்தின்மேல் கட்டினர். இலவசமாக நின்ற நிழலை வெட்டிவிட்டு, நெகிழி நிழலை ஏக்கர்க் கணக்கில் வாங்கும் நிலை. அந்த வலையின் இடத்தில் மின்சாரம் தரும் பலகை இருந்தால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் இயல்பாக எழுகிறது. உடனே ஆம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மரநிழல் புள்ளிபுள்ளியாய் அசையும் நிழல், பலகையின் நிழல் பட்டையாய் விழுவது. மரம் ஈரத்தைக் கசியவிடும், சருகு உதிர்க்கும், பலகை மழையை ஒரே விளிம்பில் கொட்டும். ஏலச்செடி ஆளுயரத்தைத் தாண்டும் என்பதால் தாங்குகால்கள் மிக உயரமாக வேண்டும், அவ்வுயரத்தில் மலைக்காற்று. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் 70 உயிர்களோடு மண்ணில் புதைந்த மாவட்டத்தில், சரிவுகளில் வரிசைவரிசையாகக் குழிதோண்டுவதைப் பற்றி அலுவலக அறையில் அமர்ந்து முடிவெடுக்கக் கூடாது.

சித்திரபுரமும் பள்ளிவாசலும் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் பக்கம். சூன் முதல் செப்டம்பர் வரை முகில் மூடிய வானத்தில் பலகை சோம்பிக் கிடக்கும். அதே மாதங்களில்தான் அணைகள் நிறையும். மலைக்கு அப்பால், மழைமறைவில் கிடக்கும் அஞ்சுநாட்டு ஊர்களும் வட்டவடையும் வேறு உலகம். வெயில் மிகுதி, மழை குறைவு, படிப்படியாகக் கட்டிய வயல்கள், பெரும்பாலும் தமிழ் உழவர்கள். கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, உருளைக்கிழங்கு அங்குப் பயிர். கெட்ஸ்பெர்கரின் தலைப்பை நினைவூட்ட வேண்டியதில்லை. முயற்சி எங்கேனும் தொடங்குமானால் தேயிலைச் சரிவைவிட இந்தப் படிவயல்களே பொருந்தும் என்று கருதுகிறேன்.

அங்கும் ஒரு முன்கதை உண்டு. வட்டவடையிலும் காந்தளூரிலும் காய்கறி விளைந்த நிலங்கள் பல, ‘கிராண்டிஸ்’ என்று ஊரார் அழைக்கும் யூகலிப்டஸ் மரத்துக்குப் போயின. ஆள்கூலி இல்லை, அலைச்சல் இல்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தப் பணம். நீர் வற்றியபின் மரத்தை அகற்றவேண்டும் என்ற குரல் எழுந்து, அரசும் அகற்றச் சொல்ல நேர்ந்தது. கீழடுக்கை மறந்து மேலடுக்கை மட்டும் வாடகைக்கு விடுவது எவ்வளவு எளிது என்பதை அவ்வூர்கள் ஏற்கெனவே அறியும். பலகைக் குத்தகையும் அதே வாக்குறுதிகளோடுதான் வரும்: உழைப்பின்றி ஆண்டுத்தொகை. விளைச்சல் நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் பூண்டு வயலில் பூண்டு இருக்கக் காரணமிராது. அவ்வயலில் கூலிக்குச் சென்ற பெண்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தரப்பிலும் இல்லை.

என் ஆய்வின் பொருட்டு ஏலமலைக் குத்தகைச் சீட்டுகளில் மரம், நிழல், கிளை கழித்தல் ஆகியவை எச்சொற்களால் குறிக்கப்பட்டன என்பதைத் தொகுத்து வருகிறேன். உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளைச் சார்ந்த, குறிப்பாகப் போடி, கம்பம் குடும்பங்களில் பாதுகாக்கப்படும் 1940க்கு முற்பட்ட சீட்டுகள், வரி ரசீதுகள், கணக்கேடுகள் எவரிடமேனும் இருந்தால் உள்பெட்டியில் தெரிவிக்க வேண்டுகிறேன். முழு ஆவணம் வேண்டியதில்லை. மரத்தைப் பற்றிய வாசகம் உள்ள பக்கத்தின் படம் ஒன்று போதும். பெயர், சர்வே எண் ஆகியவற்றை மறைத்தே அனுப்பலாம்.